எஞ்சினுக்குள் உறையும் பனி

ஜூலை மாதத்தில் புணேயை அடுத்த கட்கியில் பகல் உஷ்ணநிலை சுமார் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும். பருவமழையால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அவ்வேளையில் பனிக்கட்டியைப் பற்றிப் பேசினால் மாணவர் நகைக்கக்கூடும். ஆயினும் இத்தகைய காற்றில்தான் சிறு விமானத்தின் எஞ்சினுக்குள் பனி உறைந்து, அதன் சக்தியைக் குறைத்துவிடலாம்.

கார்ப்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது. அங்கேயே பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து உஷ்ணநிலையை 20 டிகிரிக்கு மேலும் தாழ்த்திவிடும். காற்றிலுள்ள ஈரம் உறைந்து வழியை அடைக்கும். எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு கீழிறங்கும்போது இந்த அபாயம் அதிகம். உஷ்ணமானியின் குமிழில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சுற்றி விசிறினால், ஆவியாதலின் குளிர்ச்சியை வகுப்பிலேயே காட்டலாம்.

இதற்குப் பரிகாரம், புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்ப்புரேட்டருக்குள் செலுத்துவதாகும். பனி உருகி நீராக உட்செல்வதால் எஞ்சின் முதலில் முன்னிலும் மோசமாகத் தடுமாறும். அது கண்டு அஞ்சிச் சூட்டை நிறுத்திவிடுவதே புதியவர் செய்யும் பிழை. எஞ்சின் முற்றும் நின்றுவிட்டாலோ குழாய் ஆறிவிடும், பிறகு பரிகாரமில்லை.

1939 ஜனவரி 21 அன்று நியூயார்க்கிலிருந்து பெர்முடா சென்ற ‘கவாலியர்’ என்னும் பறக்கும் படகு, கார்ப்புரேட்டர்களில் பனி உறைந்தமையால் அட்லாண்டிக் கடலில் இறங்க நேரிட்டது. படகு விரைவில் மூழ்கியது. அதிலிருந்த 13 பேரில் 10 பேரை, சுமார் பத்து மணி நேரத்துக்குப் பின் எண்ணெய்க் கப்பலொன்று மீட்டது.

எஞ்சின் சக்தி குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. புணே மாவட்டத்து இந்தாபூர் வட்டத்தில் 2022 ஜூலை 25 அன்று பயிற்சி விமானமொன்று வயலில் இறங்கியது. அதில் தனியே பறந்த மாணவி சிறு காயங்களுடன் தப்பினார். காரணம் எதுவாயினும், விமானி முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும்.

மிதவை விமானத்துக்கு இதில் நன்மையும் தீமையும் உண்டு. ஏரி கிடைத்தால் அதுவே இறங்குதளம். புல்வெளியிலும் மிதவைகள் சறுக்கி நிற்கக்கூடும். ஆனால் மிதவைகள் காற்றைத் தடுப்பதால் எஞ்சினின்றி வெகுதூரம் சறுக்கிப் பறக்க இயலாது. பார்வைக்கு அழகான அசைவற்ற நீர்ப்பரப்போ மிகவும் ஏமாற்றுவது. அதன் மேல் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. எஞ்சின் ஓடினால் சிறிது சிறிதாக இறங்கி நீரைத் தொடலாம். அது நின்றபின் அவ்வழியும் இல்லையாதலால், விமானி கரையோரமாக இறங்கி, அங்குள்ள மரங்களையும் நாணல்களையும் கொண்டே உயரத்தைக் கணிக்கிறார்.