ஆணை வராத பணி: வழக்கறிஞர் தொழிலை மாணவருக்கு அறிமுகப்படுத்துதல்

கெங்குவார்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து வரும் எங்கள் மேல்நிலை மாணவர்களிடம் எதிர்கால விருப்பத்தைக் கேட்டால் போலீஸ், நர்ஸ், ஆசிரியர், என்ஜினீயர் என்ற விடைகள் உடனே வரும். வக்கீல் என்ற விடை அரிது. வந்தாலும் வீட்டில் நிலைப்பதில்லை. மாந்தோப்பு வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர், மகளின் விருப்பத்தைக் கேட்டதும் என்னிடம், "படிச்சு முடிச்சதும் ஆர்டர் வருமா டீச்சர்? வராதுன்னா அஞ்சு வருசம் எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான விடை சொல்லாமல் சட்டப் படிப்பைப் பரிந்துரைப்பது மாணவருக்கு நன்மை செய்யாது. எனவே உயர்கல்வி வழிகாட்டலுக்காக, பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளுக்கு இந்தப் பாடத்தை அமைத்தேன்.

கற்றல் நோக்கங்கள்

1. வழக்கறிஞர் ஆவதற்கான படிகளை வரிசையாகக் கூறுதல்.
2. தொழிலின் தொடக்க ஆண்டுகளுக்கான செலவைக் கணக்கிடுதல்.
3. சட்டம் படித்தவருக்குரிய பணிகளைப் பட்டியலிடுதல்.

முதல் பாடவேளை: படிகள்

கரும்பலகையில் '142' என்று மட்டும் எழுதினேன். "முல்லைப் பெரியாறு!" என்று வகுப்பே சொன்னது. அந்த அளவு வரை நீர் தேக்கலாம் என்று யார் சொன்னது எனக் கேட்டபோது அமைதி. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பு அது என்பதையும், ஒப்பந்தம், அணையின் பாதுகாப்பு ஆகியவை குறித்து வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பின்னரே அது கிடைத்தது என்பதையும் விளக்கினேன். வக்கீல் என்றால் அடிதடி வழக்கு என்றிருந்த எண்ணம் இங்கே மாறியது.

பிறகு ஐந்து அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, குழுவாக வரிசைப்படுத்தச் சொன்னேன்.

படிப்பு: +2 முடித்தவருக்கு 5 ஆண்டு, பட்டம் பெற்றவருக்கு 3 ஆண்டு.

சேர்க்கை: தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும். தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி உள்ளது. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பதிவு: தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தல். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இதற்கு 750 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயும் கட்டணமாக வைத்துள்ளது. இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தகுதித் தேர்வு: அகில இந்திய பார் தேர்வு.

பயிற்சி: சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்தல்.

பெரும்பாலான குழுக்கள் பட்டம் பெற்றவுடன் வாதாடலாம் என்றே வைத்திருந்தன. பதிவையும் தேர்வையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இரண்டாம் பாடவேளை: கணக்கும் கிளைகளும்

ஜூனியரின் ஒரு மாதச் செலவைக் குழுக்கள் கணக்கிட்டன. பெரியகுளம் சென்று வரும் பயணம், கறுப்புக் கோட்டு, சட்டப் புத்தகம், நகல் எடுக்கும் செலவு என்று பட்டியல் நீண்டது. "சாயங்காலம் வேற வேலைக்குப் போகலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். தொழில் செய்யும் வழக்கறிஞர் வேறிடத்தில் முழுநேரச் சம்பள வேலை பார்க்க விதி இடம் தராது. அப்போதுதான் முதல் சில ஆண்டுகளின் கடினம் வகுப்புக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024-ஆம் ஆண்டு உத்தரவைச் சொல்ல வேண்டும். ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்கச் சுற்றறிக்கை அனுப்புமாறு பார் கவுன்சிலுக்கு அது அறிவுறுத்தியது. உத்தரவு இருந்தாலும், சேரும்போதே சீனியரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அடுத்து 'வேலை மரம்' வரைந்தோம். அடிமரம் சட்டப் பட்டம். கிளைகள்: சொந்தத் தொழில், உரிமையியல் நீதிபதி, அரசு உதவி வழக்கு நடத்துநர், வங்கி மற்றும் நிறுவனங்களின் சட்ட அலுவலர், சட்டக் கல்லூரி ஆசிரியர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே ஏழைகளுக்கான சட்ட உதவி. உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே ஜூனியராக இருக்கும் காலம் வீணாவதில்லை. நீதிபதிப் பணிக்கும் அதுவே முதல் தகுதியாகிறது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை

அந்தத் தாயிடம், "ஆர்டர் வராதும்மா. படிச்சு முடிச்ச பிறகும் மூணு நாலு வருசம் பிள்ளைக்கு வீட்டு ஆதரவு வேணும். அதுக்கப்புறம் அவ உழைப்புக்கும் பேருக்கும் ஏத்த மாதிரி வருமானம் கூடும்" என்றேன். படிப்புச் செலவைக் குறைக்கும் வழிகளையும் எழுதிக் கொடுத்தேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் சட்டப் படிப்பிலும் உண்டு. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தாளை மடித்து வைத்துக்கொண்டு, "அவ அப்பாகிட்ட காட்டுறேன்" என்று சொல்லிச் சென்றார்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

மொழிப் பாடத்தில் வாதமேடை நடத்தி, எதிர்த்தரப்புக்காகவும் பேசப் பழக்கலாம். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் போதும். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும். எனவே ஆங்கில வாசிப்பை இப்போதே தொடங்கச் செய்யலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியுடன் பள்ளியில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தலாம். வக்கீல் உறவினர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, முகாமுக்கு வரும் வழக்கறிஞரே முதல் அறிமுகமாக இருப்பார். நாளை சேர ஒரு சீனியரைத் தேடும்போது அந்த அறிமுகம் உதவும். முகாம் முடிந்ததும், சட்டம் படிக்க விரும்பும் மாணவரை அவரிடம் நேரில் அழைத்துச் சென்று பேச வையுங்கள்.