விண்ணிலிருந்து ஒரு வெப்பமானி

ஜொகூர், செடெனாக்கில் செம்பனை மர நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டால், அது தன்னைச் சூழ்ந்துள்ள காற்றின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலையை அறிய, வானிலை ஆய்வாளர்கள் கருவி பொருத்திய பலூன்களைப் பறக்கவிடுகின்றனர். எனினும், பரந்த கடல்களின் மேல் பலூன்கள் பறப்பது அரிது. அக்குறையைச் செயற்கைக்கோள்கள் நிறைவு செய்கின்றன.

காற்றைத் தொடாமலேயே செயற்கைக்கோள் அதன் வெப்பநிலையை எவ்வாறு அளக்கிறது? காற்றிலுள்ள உயிர்வளி மூலக்கூறுகள் இடைவிடாது நுண்ணலைகளை வெளியிடுகின்றன. காற்று வெப்பமாக இருந்தால் அந்த அலைகள் வலுவாக இருக்கும், குளிர்ந்திருந்தால் வலுக்குறைந்திருக்கும். வெவ்வேறு அலைவரிசைகளை அளப்பதன்வழி வெவ்வேறு உயரங்களின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். 2013-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அளந்தது. அக்கதிர்களை மேகம் மறைத்துவிடும். நுண்ணலைகளோ பெரும்பாலான மேகங்களை ஊடுருவி வரும். ஆகவே, மேகமூட்டம் மிகுந்த நம் நாட்டு வானத்திற்கு அவை ஏற்றவை.

இத்தகைய நுண்ணலைப் பதிவுகள் 1978-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தொடர்ந்து கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்த அமெரிக்க ஆய்வாளர்கள் ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி ஆகியோர் 1990-ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். முதல் பத்தாண்டுப் பதிவில் வெப்ப உயர்வு தெளிவாகத் தென்படவில்லை. நிலத்து வெப்பமானிகளோ பூமி சூடாகி வருவதைக் காட்டின. எதை நம்புவது?

விடை படிப்படியாகக் கிடைத்தது. செயற்கைக்கோள்கள் சிறிது சிறிதாக உயரம் குறைந்ததால், இல்லாத குளிர்ச்சி பதிவில் கலந்திருந்ததை 1998-ஆம் ஆண்டில் ஃபிராங்க் வென்ட்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். மேலும், ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் கடக்கும் நேரமும் ஆண்டுதோறும் மாறி வந்தது. பிற்பகல் காற்றையும் மாலைக் காற்றையும் ஒன்றாகக் கருத முடியுமா? இந்த நேர மாற்றத்தைச் சரிசெய்யும் கணக்கில் பிழை இருந்ததைக் கார்ல் மியர்சும் வென்ட்சும் 2005-ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினர். அப்பிழை வெப்பமண்டலப் பகுதியின் அளவீடுகளையே மிகுதியாகப் பாதித்திருந்தது. கிறிஸ்டியும் ஸ்பென்சரும் அதனை ஏற்றுத் தங்கள் பதிவைத் திருத்தினர். அதன்பின், பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.09 பாகை செல்சியஸ் எனக் கணிக்கப்பட்ட உலக வெப்ப உயர்வு, 0.12 பாகையானது.

கருவி எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அது தரும் எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பு மனிதருடையதே. பிறர் காட்டிய பிழையை ஏற்றுத் திருத்திக்கொள்வதே அறிவியலை நம்பத்தக்கதாக ஆக்குகிறது.