கடல்மீன் தொட்டிக்கு எந்த மணல்?

கோவளம் கடற்கரைக் கருமணலைக் கடல்மீன் தொட்டியில் பரப்பலாமா என்று நம் சங்கப் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் இரும்பு கலந்த இல்மனைட்டும், தோரியம் உள்ள மோனசைட்டும் உண்டு. கடையில் கிடைக்கும் அரகோனைட் மணலே ஏற்றது. அது சுண்ணாம்பு வகை. ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டால் நுரைக்கும். மன்னார் வளைகுடாப் பவளக்கல் வேண்டவே வேண்டாம். 2001 முதல் கல்பவளங்களை எடுப்பது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

இரயில் பாதையில் ஜல்லிக்கிடையே மண் அடைத்தால் நீர் வடியாது, சலித்துப் போடுவோம். தொட்டி மணலிலும் கழிவு அடையும். 1 முதல் 2 அங்குலக் கனம் போதும். தண்ணீர் மாற்றும்போது குழாயால் ஒரு பகுதியை மட்டும் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். முழுவதையும் ஒரே நாளில் கழுவினால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் போய், மீன்கள் மடியக்கூடும்.