பொழுதுக்கொரு ருசி

கோயம்புத்தூர்க்காரருக்கு நல்ல கள் வேண்டுமென்றால் எல்லை தாண்டணும். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என எந்தச் செக்போஸ்ட் வழியாகப் போனாலும் பாலக்காடு மாவட்டம்தான். அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. நம் பக்கம் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பொள்ளாச்சித் தோப்பில் இறக்கினால் குற்றம். அதே தென்னை பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்பில் நின்றால் தொழில். டாஸ்மாக்கில் பீர் தாராளமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

மதுவிலக்குக்கு முன்னால் நின்றதும் கொங்குச் சீமைதான். 1921 ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னின்றார்கள். பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டச் சொன்னார். 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கோபத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை.

ஆனாலும் கள்ளுக்கு ஒரு ருசி உண்டு. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் சித்தூர்ப் பக்கத்து மரமேறி ஒருவர். அந்தப் பக்கம் தமிழ் நன்றாகவே புழங்கும். இறங்கியதும் கலயத்தில் மிதந்த எறும்பையும் தேனீயையும் பன்னாடையில் வடிகட்டினார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "மொதல்ல மோந்து பாருங்க தம்பி, அப்புறம் குடிங்க" என்றார். நான் கற்றதில் பாதி அந்த ஒரு வாக்கியம்தான்.

மீதிப் பாதி, மணி பார்ப்பது. சீவிய பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புச் சாறு. கலயத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை நிற்கும், அது பதநீர். தடவாவிட்டால் காலையில் இனிப்பும் லேசான பொங்கலுமாக இருப்பது, மதியத்தில் புளிப்பு ஏறி, சாயங்காலம் சுருக்கென்று பிடிக்கும். மறுநாள் காடிக்குப் பாதி வழி போயிருக்கும். ஆகவே ஒரே கடைக்கு இருவேறு பொழுதில் போங்கள். குடித்தது ஒரே சரக்கா என்று சந்தேகம் வரும். எனக்குப் பிடித்தது பதினொரு மணிக் கள். இனிப்பும் புளிப்பும் அப்போதுதான் சரிக்குச் சரி நிற்கின்றன.

நிறம் அரிசி கழுவிய தண்ணீர் போலிருக்கணும், நுரை பொடிப்பொடியாக எழணும். முதலில் தித்தித்து, பிறகு தொண்டையில் கசப்பு தங்கினால் சாக்கரின் விழுந்திருக்கலாம். இரண்டு டம்ளரில் தலை கிறுகிறுத்தால் அது தென்னையின் வேலை இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள குச்சிக்கிழங்கும், குடம்புளி போட்ட மீன் குழம்பும். அந்தக் காரம் இறங்கிய பிறகு வரும் மடக்குக்கு ருசியே தனி.

நாக்கு இப்படிப் பழகியதும் பீர் குடிக்கும் விதமும் மாறிவிட்டது. ஐஸ் போலக் குளிர்ந்த பீரில் நாக்கு மரத்துப்போகும். மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் தெரியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்து, கண்ணாடி டம்ளரில் நுரை எழ ஊற்றிக் குடியுங்கள். பாட்டிலில் வாய் வைத்தால் மூக்குக்கு வேலையே இல்லை. லேபிளில் உற்பத்தித் தேதியைப் பார்த்து, புதியதாக வாங்குங்கள். 'ஸ்ட்ராங்'தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தேடுவது ருசியை அல்ல, போதையை. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

கள்ளை ஊருக்கு எடுத்து வர நினைக்காதீர்கள். இங்கே அது குற்றம். போதாததற்கு, இறுக மூடிய பாட்டில் வழியிலேயே பொங்கி வெடிக்கும். திரும்பும்போது வண்டி ஓட்டக் குடிக்காத ஆள் கட்டாயம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் அது மச்சான். அவருடைய மீன் குழம்புக் கணக்கு எங்களுடையது.