இருட்கதைகளும் இளம் வாசகரும்

கொலையும் பித்தும் மரணமும் பொருளாக அமைந்த கதைகளை மாணாக்கர் கையிற் கொடுக்கலாமோ என்று பெற்றோர் சிலர் என்னை வினவுவதுண்டு. அவர்களே தம் பிள்ளைகள் மணிமேகலை கற்பதைத் தடுப்பதில்லை. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டிலே பேயைக் கண்டு வெருவிய சார்ங்கலன், தாயிடம் ஓடிவந்து உயிர் விடுகின்றான். இதனினும் இருண்ட கதை வேறு யாது? ஆயினும் சாத்தனார் பேயின் கூத்தோடு நின்றுவிடவில்லை. தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியிடம் மன்றாடும் கோதமையின் பக்கத்திலே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றார்.

ஆசிரியன் எவ்விடத்திலே நெடும்பொழுது நிற்கின்றான் என்று பாருங்கள். கதையின் தரம் அங்கே தெரிந்துவிடும். ருஷ்ய நாட்டுத் தஸ்தயேவ்ஸ்கி 1866 இல் வெளியிட்ட ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைச் சான்றாகக் கொள்வோம். அடகுபிடிக்கும் கிழவியையும் அவள் தங்கையையும் ரஸ்கோல்நிக்கோவ் என்னும் வறிய மாணவன் கோடரியாற் கொல்கின்றான். நாவலின் ஆறு பாகங்களுள் முதலாவதிலேயே கொலை முடிந்துவிடுகின்றது. எஞ்சிய ஐந்தும் அவனுடைய காய்ச்சலும் அச்சமும் செருக்கும் தனிமையுமே. கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும் நூலைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. எம். ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பு இருத்தலால், ஆங்கிலத்துக்கு அஞ்சும் மாணவரும் இதனை வாசிக்கலாம்.

இவ்வாசிரியர் குற்றவாளிகளைத் தூரத்தே நின்று கண்டவரல்லர். அரசுக்கெதிரான கூட்டத்திற் கலந்தாரென்று 1849 இல் மரணதண்டனை விதிக்கப்பெற்று, சுடுவதற்கெனக் களத்திலே நிறுத்தப்பட்டு, இறுதிக் கணத்தில் உயிர் தப்பியவர். பின்னர் சைபீரியாவிலுள்ள ஓம்ஸ்க் சிறையிலே கால்விலங்குடன் நான்கு ஆண்டுகள் கழித்தார். அவ்வாழ்வையே ‘மரண வீட்டின் குறிப்புகள்’ என எழுதினார். உண்மை வாழ்க்கையிலிருந்து பிறந்த உளநூல் எவ்வாறு இருத்தல் வேண்டுமென்று கேட்போருக்கு நான் முதலிற் காட்டுவது அதனையே. துப்பறியும் கதைகளை நான் இகழ்கின்றேனல்லேன். புகையிரதப் பயணத்துக்கு அவை நல்ல துணை. மெய்யாகவே கொலையுண்ட ஒருவரின் கதையைத் திகிலுக்காக மட்டும் சொல்லும் ஏடுகளைத்தான் என் மேசையில் வைப்பதில்லை.

நல்ல நூலென்று தெரிந்தால் மட்டும் போதுமோ? பல்லாண்டுகளுக்கு முன், வாசிப்பிற் சிறந்த மாணவனொருவனுக்குப் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைக் கொடுத்தேன். நோயாளி மனைவியைத் தனியனாகப் பேணி, அவள் இறந்த இரவிலே பிணத்தருகே இருக்கும் பிரமநாயகம் பிள்ளையின் கதை அது. மறுநாளே அவன் நூலைத் திருப்பித் தந்தான். “ஐயா, இதை இப்போது வாசிக்க ஏலாது” என்றான். அவன் தாயார் பல மாதங்களாகப் படுக்கையிற் கிடந்ததை வகுப்பிலே எல்லாரும் அறிந்திருந்தனர்; நான் ஒருவனே அறிந்திலேன். நூலை நன்கு ஆராய்ந்த யான் வாசகனை ஆராயவில்லை. அந்த நாணம் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை. அன்றுதொட்டு இத்தகைய நூல் கேட்டு வருபவனிடம் முதலில் வீட்டுச் செய்தியை விசாரிப்பேன். வேண்டாமெனில் நடுவிலே நிறுத்திவிடலாம் என்றுஞ் சொல்லியே கொடுப்பேன்.

அடுத்த ஆண்டு அம்மாணவன் தானே வந்து அந்நூலைக் கேட்டான். அவன் தாயார் அப்போது காலமாகியிருந்தார். தயங்கியே கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து வந்து, “பிரமநாயகம் பிள்ளை கதறி அழவில்லைத்தானே, ஐயா? அதற்காக அவரைக் குற்றஞ் சொல்லலாமோ?” என்று கேட்டான். சொல்லலாகாது என்றேன். செத்த வீட்டிலே தான் அழவில்லையென்று உறவினர் பேசிக்கொண்டதை அதன் பின்னரே என்னிடம் கூறினான்.