சொந்த கன்சோலைத்தான் கேள்வி கேட்க வேண்டும்

பிளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்று தொண்டை வறளச் சண்டை போடும் பையன்களை எனக்குப் பிடிக்கும். கேம் மீது உயிரையே வைத்திருப்பவன்தான் அப்படிக் கத்துவான். ஆனால் இத்தனை வருடம் விளையாடியதிலும், இந்தத் தொழிலின் செய்திகளை விடாமல் படித்ததிலும் எனக்கு உறுதியான விஷயம் ஒன்று உண்டு. எதிர் முகாமைத் திட்டியதால் நமக்குப் பைசா லாபம் கிடைத்ததில்லை. நாம் காசு போட்டு வாங்கிய கன்சோலின் கம்பெனியை நாமே தட்டிக் கேட்டபோதெல்லாம் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

2013 ஜூனை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கு வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அது இணையத்தில் இணைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஓடாது. விளையாடி முடித்த டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுக்கவும் கடையில் விற்கவும் ஆயிரம் நிபந்தனை. அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கேம் கண்காட்சியில் சோனியின் ஜாக் ட்ரெட்டன் மேடையேறி, பிளேஸ்டேஷன் 4இல் பழைய டிஸ்க்குக்கு எந்தத் தடையும் கிடையாது என்றார். அரங்கம் அதிர்ந்தது. விலை 399 டாலர். கூடவே அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோவையும் வெளியிட்டார்கள். சோனியின் ஷுஹெய் யோஷிடா பக்கத்தில் நிற்கும் ஆடம் பாய்ஸிடம் ஒரு கேம் பெட்டியை நீட்டுகிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். கேமைப் பகிர்ந்துகொள்ள இதுதான் வழி என்பதுதான் வீடியோ சொன்ன செய்தி.

இதைச் சோனி ஜெயித்த கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த ஒன்பது நாள்கள். எக்ஸ்பாக்ஸ் 360இல் வருடக்கணக்காக விளையாடியவர்களே கொதித்தெழுந்தார்கள். ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. அந்தச் சமயத்தில் எக்ஸ்பாக்ஸ் ரசிகர்கள் எல்லோரும் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கியிருந்தால் இன்று டிஸ்க் விற்கும் உரிமை எந்த கன்சோலிலும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியெடுத்த காலம் அது. கரண்ட்டே எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், தினமும் இணையத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கேம் என்ற விதியை நினைத்துப் பாருங்கள்.

டிஸ்க்குக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம், நம் ஊரில் கேமரின் பட்ஜெட்டே அதில்தான் ஓடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் வாங்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். கடைக்காரர் டிஸ்க்கை விளிம்பில் பிடித்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்புவார். வட்டமாக ஓடும் கீறல் என்றால் முகம் சுளிப்பார், குறுக்கே ஓடும் மெல்லிய கோட்டைப் பொருட்படுத்த மாட்டார். “கவர் இருக்கா தம்பி? கவர் இல்லேன்னா எறநூறு கம்மி” என்பார். 4,999 ரூபாய் கேமை வாங்கி, முடித்து, விற்று, மேலே கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குகிற பையனுக்கு அந்தச் சாய்த்துப் பார்க்கும் நொடியில்தான் அடுத்த மாதக் கேம் முடிவாகிறது. டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பாக இருந்தாலும் இன்றைய பிளேஸ்டேஷனில் ஓடும். ஆனால் பின்னால் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் அத்தியாயங்கள், டிஸ்க்கின் பதிப்பும் உங்கள் கணக்கின் பிராந்தியமும் ஒத்துப்போனால்தான் பெரும்பாலும் வேலை செய்யும். விலை குறைவு என்று வெளிநாட்டுப் பதிப்பை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

2013இல் கைத்தட்டல் வாங்கிய அதே சோனி 2018இல் என்ன செய்தது? ஃபோர்ட்நைட் கேம் நின்டெண்டோவின் ஸ்விட்ச்சுக்கு வந்தபோது, பிளேஸ்டேஷனில் இணைத்த கணக்கை அங்கே திறக்க முடியவில்லை. மற்ற கன்சோல்காரர்களோடு சேர்ந்து விளையாடவும் அனுமதி இல்லை. முதலிடத்தில் இருப்பவனுக்குக் கதவைத் திறக்க என்ன அவசரம்? பிளேஸ்டேஷன்காரர்களே மாதக்கணக்கில் விடாமல் கேட்ட பிறகுதான், அந்த செப்டம்பரில் கதவு திறந்தது. 2021இல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கருவிகளின் இணையக் கடைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் முடிவை மாற்றினார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்றார்கள். அது சில நாள்தான் தாங்கியது. இதில் எதுவும் எக்ஸ்பாக்ஸ் ரசிகன் போட்ட மீமால் நடக்கவில்லை.

மனது இன்னும் ஆறாத விஷயம் டேங்கோ கேம்வொர்க்ஸ். 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றே ஹை-ஃபை ரஷ் என்ற கேமை மைக்ரோசாஃப்ட்டின் கையில் இருந்த அந்த டோக்கியோ ஸ்டுடியோ வெளியிட்டது. அதில் மரம், குழாய், லிஃப்ட் எல்லாம் பாட்டின் தாளத்துக்கு அசையும். உங்கள் அடியும் தாளத்தில் விழுந்தால் பலம் கூடும். தாளம் பிடிபடாதவர்களுக்காக 808 என்ற இயந்திரப் பூனை கூடவே துடித்துக்கொண்டு வரும். சண்டைக் கேமுக்குள் இவ்வளவு சந்தோஷத்தை வைக்க முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள். கேம் வெற்றி என்று எக்ஸ்பாக்ஸ் தரப்பே பகிரங்கமாகச் சொன்னது. ஆக்டிவிஷன் கேம் கம்பெனியை 68.7 பில்லியன் டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். 2024 மே மாதம் அதே மைக்ரோசாஃப்ட் டேங்கோவை மூடுவதாக அறிவித்தது. சோனி பக்கமும் நிலைமை வேறில்லை. அந்தப் பிப்ரவரியில் சுமார் 900 பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள், லண்டன் ஸ்டுடியோவை மூடினார்கள். வெளியான இரண்டே வாரத்தில் கான்கார்ட் கேமைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிறகு அதை உருவாக்கிய ஃபயர்வாக்கையும் மூடிவிட்டார்கள்.

இந்தச் செய்திகள் வந்த நாள்களில் எதிர் முகாம் கொண்டாடியதைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. வேலை போனவர்கள் நமக்கு விருந்து சமைத்தவர்கள். டேங்கோவை அந்த ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர் பிழைத்தது. அன்றிலிருந்து கன்சோல் பெயரைவிட ஸ்டுடியோவின் பெயரையும் இயக்குநரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன். ஹை-ஃபை ரஷ் இயக்குநர் ஜான் ஜொஹானஸ் அடுத்து என்ன செய்தாலும், அது எந்தக் கருவியில் வந்தாலும் என் காசு அங்கே போகும்.

செய்தி படிக்கும்போது ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல்லைக் கண்டால் உடனே கன்சோல் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். 2014இல் ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் என்று மேடையில் சொன்னார்கள். 2015 நவம்பரில் எக்ஸ்பாக்ஸில் வந்தது, 2016 அக்டோபரில் பிளேஸ்டேஷனிலும் வந்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டசி 16 பிளேஸ்டேஷன் 5இல் 2023 ஜூனில் வெளியாகி, அடுத்த ஆண்டு கணினிக்கும், 2025இல் எக்ஸ்பாக்ஸுக்கும் போனது. டிரெய்லரின் கடைசி நொடியில் அடியில் பொடி எழுத்தில் ஓடுவதை நிறுத்திப் படியுங்கள், எத்தனை மாத ஒப்பந்தம் என்று பல சமயம் அங்கேயே இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு கம்பெனி வழக்கமாகச் சொல்லிவந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். 2015இல் எக்ஸ்பாக்ஸ் எத்தனை கன்சோல் விற்றது என்பதை வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டு, மாதாந்திரப் பயனர் கணக்குக்கு மாறியது. பத்து வருடம் கழித்து எக்ஸ்பாக்ஸின் அடையாளமான ஹேலோவே பிளேஸ்டேஷனுக்கு வருவதாக அறிவிப்பு வந்ததற்கான தடயம் அங்கேயே இருக்கிறது.

ஹேலோ வருவதைப் பார்த்துச் சோனி ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். நானும் அந்தக் கேமுக்காக மகிழ்ந்தேன். ஆனால் போட்டி தளர்ந்தால் விலையில் தெரியும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2009இல் 99 டாலர். கன்சோல் என்றால் காலப்போக்கில் விலை இறங்கும் என்பதே நமக்குப் பழக்கம். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, மறு ஆண்டு நவம்பரில் 54,990 ஆனது. 2025இல் அமெரிக்காவிலேயே இரண்டு கம்பெனிகளும் விலையை ஏற்றின. எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா அங்கே மாதம் 19.99 டாலரிலிருந்து ஒரே தாவலில் 29.99க்குப் போனது. கன்சோல் விலை ஏறியதற்குச் சிப் விலையும் அமெரிக்க இறக்குமதி வரியும் காரணம்தான். ஆனால் ஒருவன் ஏற்றினால் இன்னொருவன் குறைப்பான் என்ற பயம் இருந்திருந்தால் இவ்வளவு துணிச்சலாக ஏற்றியிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. அதனால் சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும்படி விடாதீர்கள். விளையாட ஆள் இருக்கும் மாதம் மட்டும் கட்டுங்கள்.

டிஜிட்டலில் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். யூபிசாஃப்ட்டின் தி க்ரூ கார் பந்தயக் கேமை 2024 மார்ச் கடைசியில் சர்வரோடு அணைத்துவிட்டார்கள். தனியாக ஓட்டவும் வழியில்லை, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். ஸ்விட்ச் 2 பெட்டிகளில் சிலவற்றின் அட்டையில் சாவிப் படம் போட்ட ஒரு பட்டை இருக்கும். உள்ளே இருக்கும் கார்டில் கேம் கிடையாது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் டவுன்லோடைத் தொடங்கிவிட்டால் பொதுவாக அந்த வாய்ப்பு போய்விடும். முன்பதிவு செய்தே தீருவேன் என்றால் தானாக டவுன்லோட் ஆவதையாவது நிறுத்திவையுங்கள்.

கன்சோல் வாங்கப் போகும் தம்பி தங்கைகள் எதை வாங்குவது என்று கேட்டால், உன் கூட்டாளிகள் என்ன வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஃபிஃபா 23லிருந்து ஒரே தலைமுறை பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் ஆன்லைனில் மோதிக்கொள்ள முடிகிறது, அதனால் மேட்ச் போடுவது இப்போது பிரச்சினை இல்லை. டிஸ்க் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் கணக்கு. தெருவில் நாலு பேரிடம் பிளேஸ்டேஷன் இருந்தால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே வாங்கு, நாலு கேமை ஒரு கேம் விலையில் முடித்துவிடலாம். யாரிடமும் எதுவும் இல்லை, வீட்டில் ஓரளவு நல்ல கணினி இருக்கிறது என்றால் ஒரு வருடம் பொறு. நீ கேட்கும் கேம்களில் பாதி அதற்கே வந்துவிடும்.