ஏரிக்கரையில் வேலை பார்க்க எதைப் படிப்பது?

ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மவுசு கூடிவிடும். கண்மாய், வாய்க்கால், ஆற்றங்கரை என்று முப்பத்து மூன்று வருஷம் அலைந்து ஓய்வு பெற்ற ஓவர்சீயரிடம் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன பெரிய யோசனை கிடைத்துவிடும் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் வருகிறார்கள். இந்த வருஷம் ஒரே வாரத்தில் மூன்று வீட்டார். மூன்று பேர் வாயிலும் ஒரே சொல்: சஸ்டெய்னபிலிட்டி, அதாவது நிலைத்த வளர்ச்சி.

மூன்றாவதாக வந்தவர் பின் தெருக்காரர். மகள் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறாள். "லண்டன் பக்கத்துல ஒரு வருஷக் கோர்ஸ் சார். எல்லாம் சேர்த்து முப்பது லட்சம். வீட்டுப் பத்திரத்தை வச்சா பேங்க்ல தரேங்கிறாங்க. முடிச்சிட்டு வந்தா ஏரி, ஆறு புதுப்பிக்கிற கவர்மென்ட் திட்டத்துல நேரா கன்சல்டன்ட்டாப் போயிடலாமாம்." அவர் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் மதிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். தானாக முளைத்துப் படர்ந்திருந்த கொடியின் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் சாரணைன்னு நினைச்சுப் பறிச்சிடுவாங்க அங்கிள். இது மூக்கிரட்டை" என்றாள். அவளுக்கு என்ன படிப்பு என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அப்பாவுக்குத்தான் அது காதில் விழவில்லை.

அவரிடம் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசுப் பணத்தில் ஒரு வட்டாரத்தையே மீட்டெடுக்கும் வேலைக்கு நம் ஊரில் பல பெயர்கள் வந்து போய்விட்டன. குடிமராமத்து, சீர்மிகு நகரம், கூவம் சீரமைப்பு, ஐந்து ஆண்டில் நூறு ஈரநிலங்களை மீட்கும் இயக்கம், நூறு நாள் வேலையில் வெட்டிய ஓடைகள். பலகையில் பெயர் மாறும். உள்ளே நடக்கிற வேலை மாறாது. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அந்த மண்ணில் எது தானாக வளரும், அங்கே குடியிருப்பவர்கள் யார், பணம் எந்தத் தலைப்பில் வந்து எந்தத் தலைப்பில் செலவாகிறது. இந்த நான்கில் ஒன்றையாவது கையால் செய்யத் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு.

சிவில், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு ஆகியவற்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கிண்டியிலும் டில்லியிலும் அகமதாபாத்திலும் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன; மதிப்பெண் இருந்தால் சேருங்கள். பொதுப்பணித் துறையிலிருந்து 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. அதற்கு வழி சிவில் பட்டமும் டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வும்தான். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கல்லூரியில் மென்பொருள் எத்தனை கற்றாலும் சரி, ஒரு கோடையாவது மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரத்துக் கால்வாய் நெடுக நடந்திருக்க வேண்டும்.

லெவல் என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய் இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலானவை தொடராக அமைந்தவை. மேல் கண்மாயின் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் ஒரு ரோட்டுப் பாலத்தின் தளம் ஒரு அடி தூக்கிவிட்டால் கீழே மூன்று ஊர் காயும். இப்போது தூர்வாருவது என்றாலே பொக்லைனும் போட்டோவும்தான். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் வளரும், நிலத்தடியில் கொஞ்சம் இறங்கும், அதெல்லாம் சரி. ஆயக்கட்டுக்காரருக்குப் பயன் கிடையாது. இது ஊர் நீர்க்கட்டிக்குத் தெரியும். அவரிடம் கேட்க வேண்டும் என்பது நம் பொறியாளருக்குத் தெரிய வேண்டும்.

தாவரவியலும் விலங்கியலும் வேறு இடம் கிடைக்காதவர்கள் படிப்பது என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு. குப்பைமேடு, சாலை, ரயில் தடம், கட்டடங்கள் எல்லாம் தின்றதுபோக மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. இப்படிப்பட்ட இடத்தில் மரம் நடுகிறேன் என்று நல்லெண்ணத்தோடு கிளம்புகிறவர்களால் வருகிற கேடு கொஞ்சமல்ல. சதுப்பு என்பது கோரையும் புல்லும் திறந்த தண்ணீருமாக இருக்க வேண்டிய இடம். அங்கே மரத்தை நிறைத்தால் புல்லை நம்பி வரும் பறவை எங்கே போகும்? எந்தச் செடியை விட வேண்டும், எதைப் பிடுங்க வேண்டும் என்று நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மூக்கிரட்டையையும் சாரணையையும் பிரித்துச் சொல்கிற அந்தப் பெண்ணைப் போல ஓர் ஆள். மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. இரண்டுக்கும் வீட்டை அடமானம் வைக்கத் தேவையில்லை.

அடுத்தது சமூகப் பணி. எம்.எஸ்.டபிள்யூ. என்றால் பெற்றோர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் சுளித்தவன்தான். சென்னையில் ஓர் ஆற்றங்கரையில் குடும்பக் கணக்கெடுப்புக்குச் சில மாதம் உதவிக்குப் போனபோதுதான் புத்தி வந்தது. கூவம் சீரமைப்பில் மட்டும் அகற்ற வேண்டிய குடும்பங்கள் 14,000க்கு மேல். பலருக்கும் மாற்று வீடு பெரும்பாக்கத்தில். வீட்டுக்கு வீடு நாங்கள் நம்பர் போட்டுக்கொண்டு போகிறோம், வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா வாசலை மறித்து நின்று கேட்டார்: "காலைல ஆறு மணிக்கு நான் நுங்கம்பாக்கத்துல பாத்திரம் தேய்க்கணும். அங்கேர்ந்து எத்தனை பஸ் மாறணும்?" எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களுடன் வந்த இருபத்து நான்கு வயது சமூகப் பணிப் பெண் சொன்னாள். அவள் முதல் நாள் விடியற்காலையில் தானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எத்தனை மாற வேண்டும், முதல் வண்டி எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு. அந்த அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவளிடம் மட்டும்தான் பேசினார்கள். இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள்: ஆற்றைக் காப்பாற்ற ஏழைகளை எழுப்பி, பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கத்துத் தாழ்நிலமான பெரும்பாக்கத்தில் குடிவைக்கிறோம். அந்தப் பக்கத்துச் செம்மஞ்சேரியில் 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்தது. சுற்றுச்சூழல் ஒரு கோப்பாகவும் மக்கள் வேறு கோப்பாகவும் போனால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லி அடம்பிடிக்க அங்கே ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

எல்லோரையும் உள்ளடக்குவது என்றால் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். மெரினாவில் சக்கர நாற்காலியோடு அலை வரைக்கும் போக 2022 நவம்பர் கடைசியில் ஒரு மரப் பாதை திறந்தார்கள். திறந்து இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். மாற்றுத்திறனாளியின் தேவை தெரிந்தவரும் கடலின் போக்கு தெரிந்தவரும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை அது.

கணக்கைப் பற்றி இரண்டே வரி. பி.காம். படித்து டெண்டர் சட்டமும் எம்.புக் என்னும் அளவுப் பதிவேடும் பயன்பாட்டுச் சான்றும் தெரிந்த ஒருவர் இல்லாமல் எந்தத் திட்டத்துக்கும் இரண்டாவது தவணைப் பணம் வராது. புகழ் கிடைக்காது, வேலை கிடைக்கும்.

இனி அந்த முப்பது லட்ச ரூபாய் படிப்புக்கு வருகிறேன்.

சஸ்டெய்னபிலிட்டி முதுகலை என்பதில் தவறு ஒன்றும் இல்லை. பத்து வருஷம் ஒரு தொழில் செய்துவிட்டு, செய்ததை அகலமாக யோசிக்கப் போகிறவருக்கு அது நல்ல படிப்பாகவே இருக்கலாம். கைத்தொழில் ஒன்றும் இல்லாத இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு அதை முதல் படிப்பாக வாங்கிக் கொடுப்பதுதான் அநியாயம். சிவிலில் ஒரு பாடம், சூழலியலில் ஒரு பாடம், பொருளாதாரத்தில் ஒரு பாடம், கடைசியில் ஒரு கட்டுரை. ஒரு வருஷம் எல்லா வாசலையும் எட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். இங்கே அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் முறையோ வேறு. உதவிப் பொறியாளர் என்றால் சிவில், வனத் தேர்வுக்கு இன்னின்ன அறிவியல் பட்டம், நகரமைப்புக்கு அதற்குரிய பட்டம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். இந்தப் பட்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுதக் கட்டம் இல்லாததால்தான் எல்லோரும் ஆலோசனை நிறுவனங்களுக்குப் போகிறார்கள்.

அந்த வேலையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்து ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். திட்ட அறிக்கை தலையணை கனத்துக்கு வந்தது. வழுவழுப்பான தாள், வெளிநாட்டு ஏரிக்கரைப் படங்கள், நடைபாதை, படம் பிடித்துக்கொள்ள ஒரு மேடை, கம்பி வேலி. நடுவில் ஒரு பக்கத்தில் வேறொரு ஊரின் பெயர் அப்படியே நின்றிருந்தது; அதை வெட்டி ஒட்டியவருக்குத் திருத்த நேரமில்லை போலும். நான் தேடியது ஒரே ஒரு தாளை: வரத்துக் கால்வாயின் லெவல். அது இல்லை. கேட்டதற்கு, "அது அடுத்த கட்டத்தில் வரும் சார்" என்றான் அந்தப் பையன். நல்ல பையன்தான், அருமையான ஆங்கிலம். மாதம் இரண்டு அறிக்கை முடிக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி. அவன் ஏரிக்கு ஒரே முறை வந்திருந்தான், அதுவும் காரில்.

நடைபாதை போட்டார்கள். தண்ணீர் உள்ளே வர வைத்த குழாயின் வாய், கால்வாயின் அடிமட்டத்தைவிட ஒன்றரை அடி உயரம். ஐப்பசி மழையில் கால்வாய் நிறைந்து பக்கத்துத் தெருவுக்குள் போனது. ஏரி பாதிக்கு மேல் ஏறவில்லை. வேலி போட்டதில் சலவைத் தொழிலாளர்கள் இறங்கும் படித்துறை உள்ளே மாட்டிக்கொண்டது. பூட்டின் சாவி காவலாளியிடம். காலை ஐந்தரைக்கு மூட்டையோடு வருகிறவர்கள் அவர் எழுந்து வரும்வரை காத்து நின்றார்கள். அறிக்கையில் 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' என்று தனி அத்தியாயமே இருந்தது. அந்தப் படித்துறை அதில் இல்லை. அந்தக் குழாயை இறக்கி வைக்கச் சொல்லி நான் ஏழு கடிதம் எழுதினேன். ஓய்வு பெறும்வரை அது அப்படியேதான் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் இப்படி எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அதில் அந்தப் பையனின் தப்பு என்ன? அவனுக்கு யாரும் எதையும் கையில் கொடுத்துக் கற்பிக்கவில்லை. இன்னொரு சங்கடம், அந்த வேலைகளின் ஆயுள். சீர்மிகு நகரத் திட்டம் 2015இல் நூறு நகரங்களுக்கு என்று தொடங்கியது. 2025 மார்ச் 31இல் முடிந்தது. திட்டத்தை நம்பி எடுக்கப்பட்ட ஆலோசகர் வேலை திட்டத்தோடு போய்விடும். லெவல் எடுக்கத் தெரிந்தவனும் செடி தெரிந்தவளும் அடுத்த திட்டத்துக்கு நடந்து போவார்கள். மற்றவர்கள் பயோடேட்டாவில் புதுச் சொல் தேடுவார்கள். எங்கள் காலத்தில் எல்லோருக்கும் எம்.பி.ஏ. பைத்தியம் இருந்தது, பிறகு ஐ.டி. வந்தது. இப்போது இது.

பின் தெருக்காரர் காட்டிய விளம்பரத் தாளின் அட்டையில் துருப்பிடித்த இரும்பு உலையைச் சுற்றிப் பச்சை படர்ந்த ஒரு படம். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் மூடிய இரும்பாலை பூங்காவான இடம் அது. அதற்குப் பக்கத்தில் ஓடும் எம்ஷர் ஆற்றின் கதையை அந்தத் தாளில் போடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களால் அந்த வட்டாரத்து நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்தது. பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் புதைத்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கிவிட்டார்கள். சுரங்கம் ஓய்ந்து நிலம் அடங்கிய பிறகு, 1992 வாக்கில்தான் குழாய் பதிக்கத் தொடங்கினார்கள். ஆற்றில் சாக்கடை கலப்பது நின்றது 2021 கடைசியில். செலவு ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல். தொடக்கத்தில் சேர்ந்த இளம் பொறியாளர் தலை நரைத்த பிறகுதான் தெளிந்த தண்ணீரைப் பார்த்திருப்பார். அவர் அந்த முப்பது வருஷமும் நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. குழாயின் சரிவை எத்தனை முறை அளந்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடியும்.

பிள்ளைகளே, உங்களுக்கு எது கைவரும் என்பதைக் கவுன்சலிங் கூடத்தில் கண்டுபிடிக்க முடியாது. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் எரிச்சல் வருகிறதா, நின்றதே மறந்துபோகிறதா? முன்பின் தெரியாத வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர்கள் சொல்லும் கதையைக் கடைசிவரை கேட்க முடிகிறதா? எண்கள் தப்பினால் ராத்திரி தூக்கம் வருகிறதா? அப்பாவிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்றும் பார்க்காதீர்கள். முதல் ஐந்து வருஷம் உங்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது. சம்பளமும் சுமார்தான். கண்மாய் ஒரு மழையில் பதில் சொல்லாது. இரண்டு மூன்று மழைக்காலம் பார்க்க வேண்டும்.

போன வாரம் அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தேன். பத்திரம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதாம், அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கண்மாய்க்கு நான் லெவல் பார்க்கப் போகிறேன் என்றேன். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் போகிறேன், கூலி கிடையாது. காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அளவுக் கோலான ஸ்டாஃபைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. கரையில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளவும் ஓர் ஆள் இருந்தால் நல்லது. "நோட்டு கொண்டுவரேன் அங்கிள்" என்றாள்.